எந்த வீட்டுக்குப் போனார்கள்?

மனநோய் என்று ஒரு சான்றிதழ் வாங்கினால் போதும், கொலைகாரன் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். எந்த வீட்டுக்கு? 1843இல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற டேனியல் மெக்நாட்டனை, மனநோய் காரணமாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். பெத்லெம் மனநல விடுதியில் இருபது ஆண்டு, பிறகு பிராட்மூர். 1865இல் அங்கேயே செத்தார். அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லிக்கு 1982இல் அதே தீர்ப்பு. மருத்துவமனைக்கு வெளியே குடியிருக்க 2016 ஆயிற்று.

நம் சட்டம் இன்னும் கறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22. நோய் இருந்தது என்பது மட்டும் செல்லாது. செய்த அந்த நேரத்தில், செய்வது இன்னதென்றோ, அது தவறு, சட்டவிரோதம் என்றோ அறியும் திறனே இல்லை என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பும் குற்றம்சாட்டப்பட்டவருக்கே. ஆயுதத்தை ஒளித்தார், தப்பியோடினார் என்றால், மருந்துச்சீட்டு கட்டுக்கட்டாக இருந்தாலும் நீதிமன்றம் பெரும்பாலும் நம்பாது. விடுதலையானாலும் காவலிலோ மருத்துவமனையிலோ வைக்க உத்தரவிடலாம்.

பறிகொடுத்த குடும்பத்தின் கோபம் நியாயம்தான். அதைக் காட்டி இந்தப் பிரிவையே தூக்கச் சொல்பவர், முதலில் அதை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லட்டும்.