இரண்டு யுனைடெட்கள்

தாராவிச் சந்துகளில் பந்து உதைக்கும் சிறுவர்களின் முதுகில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களின் பெயர்கள். அந்த அணி பிறந்ததும் பக்கத்து மாட்டுங்காவில் இருப்பதைப் போன்ற ஒரு ரயில் பெட்டிப் பணிமனையில்தான். 1878ல் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணி, 1892ல் ரயில்வேயிடமிருந்து விலகித் தனி நிறுவனமானது. 1902ல் 2,670 பவுண்டு கடனில் மூழ்கியபோது மது ஆலை அதிபர் ஜான் ஹென்றி டேவிஸ் முதலானோர் பணம் போட்டார்கள். புதுப் பெயரில் அணி பிழைத்தது.

மும்பைக்கும் ஒரு யுனைடெட் இருந்தது. 1962ல் மஹிந்திரா நிறுவனம் தொடங்கிய அணி, பின்னாளில் மஹிந்திரா யுனைடெட் ஆனது. டுராண்ட் கோப்பையை மூன்று முறையும் ஃபெடரேஷன் கோப்பையை இரண்டு முறையும் வென்றது. 2005-06ல் தேசிய லீக் சாம்பியன். ஆனால் 2010ல் நிறுவனமே அணியைக் கலைத்தது. இனி பள்ளிக் கால்பந்தில் கவனம் செலுத்தப் போவதாகச் சொன்னது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நியூட்டன் ஹீத் கடனாளியானாலும் தனக்குத் தானே எஜமான். அதனால் இன்னொருவர் கைகொடுக்க முடிந்தது. மஹிந்திரா யுனைடெட்டோ 48 ஆண்டுகளும் ஒரே வீட்டுப் பிள்ளை.

2014ல் மும்பை சிட்டி வந்தது, கோப்பைகளும் வந்தன. பழைய அணிக்காகக் கூப்பரேஜ் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு மட்டும் கத்த அணியில்லை.