பனியன் கம்பெனியில் சும்மா ஓடும் சாஃப்ட்வேர்கள்

திருப்பூரில் பீஸுக்கு 50 பைசா குறைக்கச் சொல்லி பவர் டேபிள்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் தூக்கம் போய்விடும். அதே கம்பெனியின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 899, 1,499, 2,360 என்று சில தொகைகள் மாதம் தவறாமல் கழிந்துகொண்டிருக்கும். “இது எதுக்கும்மா போகுது?” என்று முதலாளி கேட்டால், “தெரியலீங்கண்ணா, முன்னாடி இருந்த பையன் போட்டதுங்க” என்று பதில் வரும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி என்றது அமெரிக்கா. இப்படி அடி விழும்போதெல்லாம் முதலில் கை வைக்கப்படுவது ஓவர்டைமிலும் ஆட்கள் எண்ணிக்கையிலும்தான். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி இருப்பவரைத் தொடுவதற்கு முன், யாருமே திறந்து பார்க்காத சாஃப்ட்வேரைத் தொடலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு லாட் துணி டையிங்கிலிருந்து வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இன்வேர்டு நோட்டில் எடை எழுதுகிறார்கள். குடோன்காரர் அதை எக்செல்லில் ஏற்றுகிறார். புரொடக்‌ஷன் ஆள் ஈஆர்பி-யில் அடிக்கிறார். பில் வந்ததும் அக்கவுன்ட்ஸில் டேலியில் ஒருமுறை. போதாததற்கு முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ. ஐந்து இடத்திலும் எடை ஒன்றாக இருந்தால் அதிசயம். பிராசஸ் லாஸ் எவ்வளவு என்று டையிங்காரரோடு தகராறு வரும்போது எதைப் புரட்டுகிறார்கள்? வாசல் நோட்டை! நோட்டைத்தான் நம்புகிறோம் என்றால் ஈஆர்பி-க்குக் கட்டும் பணம் எதற்கு? ஒன்று, வாசலிலேயே ஈஆர்பி-யில் ஏற்றிவிட்டு மற்றதை எல்லாம் விடுங்கள். இல்லையா, நோட்டும் டேலியும் போதும் என்று முடிவெடுங்கள். சிறிய யூனிட்டுக்கு இரண்டாவது வழியே போதும் என்பது என் கட்சி. நோட்டு என்றாலே பழைமை என்று சிரிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். மூன்று மாதம் பார்த்தால் போதாது. வருடத்துக்கு ஒருமுறை கழியும் சந்தா சிக்காது. முதலாளி மகனின் சொந்த கார்டையும் சேர்த்துப் பாருங்கள், பாதி அதில்தான் இருக்கும். கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ சந்தா எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ். எந்த நம்பருக்குப் போகிறது? வேலையை விட்டுப் போன பையனின் நம்பருக்கா?

ஆள் கணக்கில் காசு வாங்கும் சாஃப்ட்வேர்களில் இன்னொரு ஓட்டை. மெர்ச்சண்டைசர் வேலை மாறிப் போயிருப்பார். அவர் பெயரில் இருக்கும் மெயில் ஐ.டி.க்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தலாம், ஆனால் பையர் அனுப்பிய மெயில்களை வேறு ஐ.டி.க்கு மாற்றிய பிறகு.

வைத்துக்கொள்ளும் சாஃப்ட்வேரிலும் மிச்சம் பிடிக்க வழி உண்டு. சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால் அதன் மேல் கட்டிய 18 சதவிகித ஜி.எஸ்.டி. அப்படியே நஷ்டம். கம்பெனி பெயரும் ஜி.எஸ்.டி. நம்பரும் பில்லில் வந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இ-வே பில்லையும் இ-இன்வாய்ஸையும் அரசின் போர்ட்டலிலேயே இலவசமாகப் போடலாம். மாதம் பத்து, இருபது பில் போடுகிறவருக்கு அதற்கென்று தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. தினமும் நூறு சலான் போடுகிறவர் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம்.

அவசரம் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பழைய பில்லிங் சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு, மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது “பில் எல்லாம் அதுல இருந்துச்சுங்க” என்றால் ஆபீஸர் கேட்க மாட்டார். எக்செல்லாகவும் பி.டி.எஃப். ஆகவும் இறக்கி, இரண்டு இடத்தில் வைத்து, நாலைந்து பில்லைத் திறந்து சரிபார்த்த பிறகு நிறுத்துங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும் சாஃப்ட்வேரில்தான் கணக்கு வைக்க வேண்டும். செலவு மிச்சம் என்று வெறும் எக்செல்லுக்குத் திரும்ப முடியாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷிப்மென்ட் நெருக்கத்திலும் மார்ச் கடைசியிலும் இந்த வேலையில் இறங்காதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி எல்லா மெஷினும் ஓட ஆரம்பிக்கும்வரை சில நாட்கள் ஆபீஸ் சற்று ஓய்வாக இருக்கும். ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துவைத்து உட்கார அதுவே தோதான நேரம்.