மேலேயே எண்ணுங்கள்

ஏற்காடு அடிவாரம் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பது மலை ஏறும்போது. ஆனால் நம் நினைவில் இன்னும் ஆறாத இரண்டு பஸ் விபத்துகளும் இறங்கும்போது நடந்தவை. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூருக்குக் கீழே மரப்பாலம் அருகே தென்காசிக்காரர்கள் வந்த சுற்றுலா பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் மாண்டார்கள். ஏழு மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 30 அன்று, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு உருண்டது. ஐந்து பேருக்குக் குறையாமல் உயிர் போயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயத்தோடு தப்பினார்கள். முன்னது சுற்றுலா வந்த கூட்டம். பின்னது நாம் தினமும் ஏறுகிற ரூட் பஸ். நம் கவலை அந்தப் பின்னதைப் பற்றியது.

விபத்துக்கு யார் பொறுப்பு என்பதை வழக்கு சொல்லட்டும். பஸ் எத்தனை பேரோடு மலையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதற்கு எந்தத் தீர்ப்பும் வரவேண்டியதில்லை. அந்தக் கணக்கை ஏற்காடு பஸ் நிலையத்திலேயே பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை விடவேண்டும் என்பது நம் கோரிக்கை.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500-ஐத் தாண்டும். அந்த உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது காரணத்தோடுதான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். நெருக்கி நிற்கும் முப்பது பேரின் எடையையும் அதே பிரேக்தான் தாங்கவேண்டும். வளைவில் திரும்பும்போது நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பஸ்ஸின் சாய்வும் அதோடு கூடும்.

நாகலூர், செம்மநத்தம், பட்டிப்பாடிக்காரர்களுக்கு இந்த பஸ் பொழுதுபோக்கு இல்லை. சேலம் பெரியாஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கோர்ட்டுக்கும் இதுதான் வழி. மே மாதத்தில் சுற்றுலாக் கூட்டமும் அதே பஸ்ஸில் ஏறும். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்துவார். கைக்குழந்தைக்காரி கம்பியைப் பிடித்துத் தொங்குவாள். ஏற்றாமல் போனால் திட்டு வாங்குவதும் அந்தக் கண்டக்டரேதான். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாதவர்கள் இந்த பஸ்ஸை விடமாட்டார்கள்.

ஆகவே, ஆளை இறக்கிவிட்டால் மலைக்காரன் எங்கே போவான் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194-ஏ பிரிவு, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தோடு அது முடியவில்லை. கூடுதல் பயணிகளை இறக்கி, அவர்கள் போக மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே அந்த வண்டி நகரலாம். அபராதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், மாற்று வண்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சாயங்கால நேரத்தில் ஏற்காடு பஸ் நிலையத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் ஒன்று உபரியாக நிற்குமானால் சிக்கல் பாதி தீரும். நிறைந்தால் கிளம்பட்டும், நிறையாவிட்டால் நிற்கட்டும். சும்மா நிற்கும் பஸ்ஸுக்கு ஆகும் செலவை நஷ்டக் கணக்கில் எழுதவேண்டாம்.

எண்ணுவது பெரிய வேலையும் அல்ல. பஸ் நிலையத்தை விட்டபின் வழியில் ஏறுவோர் சிலரே. ஒரு போலீஸ்காரரோ போக்குவரத்துத் துறை ஊழியரோ கதவருகே நின்று பர்மிட்டில் உள்ள எண்ணிக்கையைப் பார்த்து, கண்டக்டரின் டிக்கெட் மெஷினோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிஷம். கதவு மூடுகிறதா என்பதையும் அந்த ஐந்து நிமிஷத்திலேயே பார்த்துவிடலாம். 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் படிக்கட்டில் நின்று வந்த நான்கு மாணவர்கள் லாரி உரசிச் செத்தார்கள். சமதளச் சாலையிலேயே அந்தக் கதி என்றால், ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில் கதவைத் திறந்துபோட்டு ஓட்ட எவருக்கும் உரிமையில்லை.

நெருக்கடியான நாளில் நிர்வாகத்துக்கு யோசனை வராமல் இல்லை. கோடை விழாக் காலத்தில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி பாதையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்தபோது மலைப்பாதையை மூடவும் தயங்கவில்லை. விழாவுக்கும் வெள்ளத்துக்கும் இருக்கிற கவனம் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு இல்லை. ஏப்ரல் 30 அப்படியொரு செவ்வாய்க்கிழமைதான்.

தனியார் பஸ் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டைமிங் தவறினால் பின்னால் வரும் பஸ் கலெக்‌ஷனை அள்ளிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் ஓட்டுநர் மிதிக்கிறார். மலையில் இறங்கும் நேரத்தை ஏறும் நேரத்துக்குக் குறையாமல் வைத்து அட்டவணையை மாற்றி எழுதுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதை ஏற்று முத்திரை குத்தட்டும். அடுத்த கோடை விழாவுக்கு மேடை போடுவதற்கு முன், பஸ் நிலையத்தில் எண்ணுகிற ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டாக வேண்டும்.