எரியும் கப்பல்களும் கட்டும் கைகளும்

இணைய விளையாட்டுகள் பலவற்றில் தாது பொறுக்குவதும் கருவி செய்வதும் வெறும் சடங்காகவே நடக்கின்றன. பாடுபட்டுச் செய்த வாள், அடுத்த நிலைக்குப் போனதும் பெட்டியின் மூலையில் கிடக்கும். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி, 2003 மே மாதம் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு வேறு வழியில் போனது. அங்கே கப்பல் வெடித்தால் போனது போனதுதான். இருபது ஆண்டுகள் தாண்டியும் அங்கே சுரங்கத் தொழிலும் கப்பல் கட்டுதலும் உயிரோடிருக்கக் காரணம் அந்த இழப்புதான் என்பது என் கட்சி.

வெல்ட்ஸ்பார் என்ற மலிவான தாதுவைச் சிறுகோள்களிலிருந்து லேசர் பாய்ச்சி வெட்டுகிறார்கள். சுத்திகரித்தால் ட்ரிட்டானியம் கிடைக்கும். கப்பல் கட்ட முதலில் வேண்டியது அதுதான். மெகாசைட் போன்ற அரிய கனிமங்களுக்கு நெடுங்காலம் காவலற்ற எல்லைப்புறங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கப்பல் வரைபடமான புளூபிரின்ட் வைத்திருப்பவர் அதை ஆராய்ந்து மேம்படுத்தினால் ஒவ்வொரு கப்பலிலும் கனிமச் செலவு கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தில்தான் அவர் லாபம் நிற்கிறது. செய்த பொருள் ஜீட்டா போன்ற பெருஞ்சந்தைக்குப் போகிறது. வெட்டியவர், சுமந்தவர், கட்டியவர், வாங்கியவர் ஒருவரையொருவர் அறியாமலே இருக்கலாம். கப்பல் போரில் அழியும்போது அதில் பூட்டியிருந்த கருவிகளில் ஏறக்குறைய பாதி மிஞ்சும், மற்றவை சாம்பல். தோற்றவர் மறுநாள் மீண்டும் சந்தைக்கு வந்தாக வேண்டும். வெட்டியவரின் உழைப்புக்கு விலை அங்கிருந்துதான் பிறக்கிறது.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் மூண்ட போரை இதற்குச் சான்றாகச் சொல்வேன். உரிமைக் கட்டணம் ஒன்று செலுத்தப்படாமல் போனதில் தொடங்கி, ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டு, டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் 75-ஐ அது விழுங்கியது. செய்திகள் அந்த இழப்பை மூன்று லட்சம் டாலர் என்று மொழிபெயர்த்து வியந்தன. என்னை அசைப்பது அந்தத் தொகை அல்ல. ஒரு டைட்டனைக் கட்டப் பலர் கூடித் தாது சேர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டு உழைப்பு அங்கே எரிந்ததால்தான் அந்தப் போரை இன்றும் பேசுகிறார்கள்.

வேலை முடிந்து வந்தவர் இன்னொரு வேலை பார்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. லேசர் பாறையை அரிப்பதைப் பார்த்திருப்பது சலிப்புதான், மறுக்க மாட்டேன். ஆனால் எந்தத் தாதுவை எப்போது வெட்டுவது, எந்த வழியில் கொண்டு செல்வது, யார் பதுங்கியிருக்கக் கூடும் என்ற கணக்குகள் சலிப்பானவை அல்ல. பணம் கொடுத்தால் எல்லாம் கிடைக்குமே என்பது இதைவிடக் கனமான கேள்வி. பிளெக்ஸ் என்ற விளையாட்டு டோக்கனை உண்மைப் பணத்தில் வாங்கி, சக ஆட்டக்காரரிடம் விற்று, விளையாட்டுக் காசு பெறலாம் என்பது மெய். அந்தக் காசில் வாங்கும் கப்பலையும் யாரோ ஒருவர் கட்டியிருக்க வேண்டும். பணம் கைமாறுகிறது, கப்பல் வானத்திலிருந்து குதிப்பதில்லை. 2011 கோடையில் நிறுவனம் அலங்காரப் பொருள்களுக்குக் கடை திறந்தபோது, அடுத்து ஆயுதங்களையும் விற்பார்களோ என்று அஞ்சிய ஆட்டக்காரர்கள் ஜீட்டாவில் திரண்டு அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். தலைமை நிர்வாகி அந்த ஆண்டு அக்டோபரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கட்டுகிறவரின் இடத்தைக் கடை பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதில் அவர்கள் காட்டிய உறுதி நியாயமானது.

இழப்பு நல்லதென்றால் அதைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. 2020, 2021 ஆண்டுகளில் நிறுவனம் தாது வளத்தைச் சுருக்கியது, பெருங்கப்பல்களின் கட்டுமானத்தையும் சிக்கலாக்கியது. விலை ஏறியதும் பலர் கப்பலை இழக்க அஞ்சிப் பூட்டி வைத்தார்கள். மறுபடி கட்ட முடியாதென்றால் எவரும் போருக்குப் போக மாட்டார், வெட்டியவருக்கும் வாங்குபவர் இருக்க மாட்டார். எவ்வளவு வெட்டப்பட்டது, எவ்வளவு கட்டப்பட்டது, எவ்வளவு அழிந்தது என்று நிறுவனமே மாதந்தோறும் பொருளாதார அறிக்கை வெளியிடுகிறது. தாதுவின் அளவை அழிவுக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கு படுத்துவிட்டால் சிறுகோள்களை மீண்டும் நிரப்பத் தயங்கக் கூடாது.