மீட்டர் முள்ளைச் சும்மா கிடக்க விடாதீர்கள்

என் மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் இன்று ஒரு வண்டி விஷயம். வீட்டில் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள்.

போன வாரம், என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் தன் அப்பாவின் புல்லட்டில் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது அவனுக்கே நரை விழுந்துவிட்டது. அவன் அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறான். ஆனால் மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. கேட்டேன். "அது ஓடி ரொம்ப நாளாச்சு சார். சத்தத்தை வச்சே ஸ்பீடு தெரிஞ்சிடும்" என்றான்.

தெரியாது. நானும் பல வருஷம் அதே 350 சிசி வண்டி ஓட்டியவன்தான். அந்த இஞ்சின் நிதானமாக அடிக்கும். ஊர்ச் சாலையில் 50 போனாலே பறக்கிற மாதிரி இருக்கும், நாலுவழிச் சாலையில் 80 போனாலும் ஊர்கிற மாதிரி இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதுவோ பழைய டிரம் பிரேக். தவிர, அந்த மாடலில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. கிலோமீட்டர் கணக்கை வைத்துத்தான் பெட்ரோலும் போடுவோம், ஆயிலும் மாற்றுவோம். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாய் என்றேன். தலையைச் சொறிந்தான்.

மெக்கானிக் "மீட்டர் போச்சு, டிஜிட்டல் போட்டுக்கலாம்" என்றாராம். இதில்தான் எனக்குக் கோபம். முள் ஆடவில்லை என்றால் மீட்டரைக் குற்றம் சொல்வது கடைசியாக இருக்க வேண்டும். கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். முன்சக்கரம் சுற்றும்போது, ஹப்பை ஒட்டியிருக்கிற வார்ம் பல்சக்கரத்தைச் சுற்றும். அது கேபிளின் உள்கம்பியைச் சுற்றும். கம்பி மீட்டருக்குள் இருக்கிற காந்தத்தைச் சுற்றும். அந்தக் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மயிரிழை ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் நிற்பதுதான் முள்.

மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு முன்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். உள்கம்பி அசையவில்லை. உருவினால் பாதிதான் வந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்து அறுந்திருந்தது. எண்ணெய் கண்டே பல வருஷம் இருக்கும். அதோடு போகவில்லை. சக்கரத்தை இறக்கினால், வார்மின் உள்வளையத்தில் ஒரு காது வளைந்திருக்கிறது. பஞ்சர் போட்டவர் அந்தக் காதுகளை ஹப்பின் வெட்டில் உட்காரவைக்காமல் அச்சை முறுக்கியிருக்கிறார். சக்கரம் மாட்டும்போது கையால் லேசாகத் திருப்பிப் பார்த்து, காது வெட்டுக்குள் விழுந்த பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

கேபிளும் வார்மும் புதிதாக வாங்கிப் போட்டோம். மீட்டர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. உள்கம்பிக்குக் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும், மேல்முனையில் ஒரு சாண் விட்டுவிட வேண்டும். அள்ளிப் பூசினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறி, கிண்ணம் ஒட்டிக்கொண்டு முள் பொய் சொல்லும். கேபிளைச் சுருக்கென்று மடக்கிக் கட்டவும் கூடாது. முள் துள்ளித் துள்ளி ஆடினால் அநேகமாகக் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. அப்போதே கவனித்தால் அறுகிற வரை போகாது.

இதையெல்லாம் விட எனக்கு மனசில் நிற்பது வேறு. வேலை தொடங்கும்போது அவன் அம்மா போன் செய்தார். "சார், அதுல இருக்கற 61,482 அவரு ஓட்டுனது. அந்த நம்பர் அப்படியே இருக்கட்டுமே" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் கருத்து வேறு. வண்டியைக் கூடத்தில் நிறுத்திப் பூப்போட்டு வைப்பதானால் எண் அப்படியே இருக்கலாம். மகன் அதில் தினமும் வேலைக்குப் போகிறான், பின்னால் பேத்தி உட்கார்ந்து போகிறாள். ஓடுகிற வண்டிக்கு முள் வேண்டும். டிஜிட்டல் மாட்டியிருந்தால்தான் அந்த எண் குப்பைக்குப் போயிருக்கும். இப்போது அவர் ஓட்டியதன் மேலேயே மகன் ஓட்டுவதும் கூடுகிறது. இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த நம்பரை எங்கயாவது எழுதி வைக்கச் சொல்லுங்க சார்" என்றார். ஆர்.சி. புத்தக உறையில் தேதியோடு எழுதச் சொன்னேன். எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்.

மீட்டர் ஓடாத வண்டி உங்களிடம் இருந்தால் ஞாயிறு காலை கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இஞ்சினுக்கு அடியில் கொடுக்க மரக்கட்டை என்னிடம் இருக்கிறது. பழைய துணி மட்டும் எடுத்து வாருங்கள், வீட்டுத் துணியைத் தொட்டால் உங்கள் டீச்சரம்மா என்னைத்தான் திட்டுவார்.