நர்ஸ் பரீட்சையில் தவறியவருக்கு 45 நாள்!

அமெரிக்காவில் நர்ஸிங் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் மறுநாளே ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றுவிட முடியாது. அந்தந்த மாநிலத்து நர்ஸிங் போர்டு லைசென்ஸ் கொடுக்க வேண்டும். அதற்கு ‘என்க்ளெக்ஸ்’ என்ற பரீட்சையில் தேற வேண்டும். கல்லூரியில் முதலாவதாக வந்தவருக்கும் இதில் விலக்குக் கிடையாது. வெளிநாட்டில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் கிடையாது.

இதில் தவறிப்போகிறவர் பாடுதான் பெரும்பாடு. லைசென்ஸ் எப்படியும் வந்துவிடும் என்று நம்பிப் பல ஆஸ்பத்திரிகள் முன்கூட்டியே வேலைக்கு உத்தரவு கொடுத்துவிடுகின்றன. சில மாநிலங்களில் புதிய பட்டதாரிகளுக்குத் தற்காலிக அனுமதி உண்டு. பரீட்சையில் தவறினால் அதுவும் ரத்தாகிவிடும். வீட்டு வாடகையும் கல்விக் கடன் தவணையுமோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே மறுபரீட்சைக்கு உட்காருகிறவர்களில் பலர் நிதானமாக அல்ல, அவசரத்தில்தான் உட்காருகிறார்கள்.

பரீட்சையை நடத்தும் தேசியக் கவுன்சிலின் விதிப்படி, ஒருமுறை தவறியவர் 45 நாள் கழித்தே மறுபடி எழுதலாம். வருஷத்துக்கு எட்டு முறைக்கு மேல் எழுத முடியாது. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக விதி செய்துகொள்ளலாம். ஃபுளோரிடாவில் மூன்று முறை தவறியவர் தனியாக ஒரு பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் 200 டாலர் புதிதாகக் கட்ட வேண்டும். சென்னை மையத்தில் எழுதுகிறவர் வெளிநாட்டு மையம் என்பதற்காக மேலும் 150 டாலர் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் ஆடும் ஆட்டம்

இந்தப் பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் இல்லை. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாக வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகமானால் 150. நேரம் 5 மணி. விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக வழியில்லை. எழுதுகிறவர் தேறுவாரா மாட்டாரா என்பது 95 சதவிகிதம் நிச்சயமானதும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். 85இல் நின்றால் தேர்ச்சி என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. 85இல் நின்று தேறியவரும் உண்டு, தவறியவரும் உண்டு. திறமை உள்ளவருக்கும் கேள்வி கடினமாகிக்கொண்டே போவதால், நன்றாக எழுதியவரும் முகம் வாடித்தான் வெளியே வருகிறார்.

2023 ஏப்ரலில் இந்தப் பரீட்சை புது உருவம் பெற்றது. மூன்று நோயாளிகளின் விவரத்தைக் கொடுத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் ஆறு கேள்வி கேட்கிறார்கள். புது முறையில் தேர்ச்சி குறையும் என்று பயந்தவர்கள் அதிகம். நடந்தது வேறு. அமெரிக்காவில் படித்து முதல்முறை எழுதியவர்களில் தேறியவர்கள் 2022இல் 80 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. 2023இல் 88க்கு மேல். ஆனால் 2022இல், அதே நாட்டில் படித்து மறுமுறை எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை.

ஏன்? பலர் முதல்முறை படித்த மாதிரியே மறுமுறையும் படிக்கிறார்கள். அதே புத்தகம், முதல் பக்கத்திலிருந்து. 45 நாளில் அதை முடிக்க முடியாது. முடித்தாலும் பிரயோஜனம் குறைவு. தவறியவருக்குப் போர்டிலிருந்து ஒரு தாள் வருகிறது. எட்டுத் துறைகளில் எது தேர்ச்சி அளவுக்கு மேல், எது அதையொட்டி, எது கீழே என்று அதில் இருக்கும். அழுதுவிட்டு அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் கையிலிருந்த வரைபடத்தையே கிழிக்கிறார்கள். துறைகள் எல்லாம் சம எடை உள்ளவையும் அல்ல. 2023ஆம் வருஷத்துத் திட்டத்தில் பராமரிப்பு நிர்வாகத்துக்கு 15 முதல் 21 சதவிகிதம், மருந்துகளுக்கு 13 முதல் 19 சதவிகிதம், உணவு, உறக்கம் போன்ற அடிப்படைப் பராமரிப்புக்கு 6 முதல் 12 சதவிகிதம். நிர்வாகத்திலும் அடிப்படையிலும் கீழே இருப்பவர் முதலில் எதைக் கையில் எடுப்பது என்பது வெளிப்படை.

முதலில் யாரைப் பார்ப்பது?

நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து வலி. ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். ஒருவர் வீட்டுக்குப் போகக் காகிதத்துக்குக் காத்திருக்கிறார். நான்காமவர் ஆஸ்துமாக்காரர்; இதுவரை நெஞ்சில் கேட்ட இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. சத்தம் நின்றதைக் குணம் என்று நினைப்பவர் தவறுகிறார். மூச்சுக் குழாய் வழியே காற்றுப் போவதே நின்றிருக்கக்கூடும்; அவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். ஆஸ்துமாவின் அறிகுறிகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவரும் இங்கே சறுக்குவார். அறிவைச் சோதிக்கிற கேள்வி அல்ல இது. தீர்மானத்தைச் சோதிக்கிற கேள்வி.

இந்தியாவிலிருந்து எழுதுகிற நர்ஸுகளுக்கு இதில் இன்னொரு சங்கடம். உதவியாளரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற கேள்விகள் அமெரிக்க முறைப்படி வருகின்றன. குளிப்பாட்டுவதைக் கொடுக்கலாம், நோயாளியின் நிலையைப் பரிசோதித்து மதிப்பிடுவதையும், அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொடுப்பதையும் கொடுக்கக் கூடாது. வார்டில் நெடுநாள் அனுபவமே சில சமயம் தவறான பதிலுக்கு இழுத்துவிடும்.

ஆகவே குறுகிய காலத்தில் பக்கக் கணக்கைவிடக் கேள்விக் கணக்கே உதவும். தினம் ஒரு பங்கு கேள்விகளைப் போட்டுப் பார்ப்பதும், தவறிய ஒவ்வொன்றிலும் ‘ஏன் தவறினேன்’ என்று ஒரு வரி எழுதி வைப்பதும், வாரத்துக்கு ஒருமுறை 5 மணி நேரம் எழுந்திராமல் உட்கார்ந்து பழகுவதும் போதும். கேள்வி வங்கிகளை விற்கும் கம்பெனிகள் ஏராளம். மூன்று வாங்கி மூன்றையும் அரைகுறையாக விடுகிறவரைவிட, ஒன்றை வாங்கி விளக்கங்களை முழுக்கப் படிக்கிறவர் கெட்டிக்காரர்.

நர்ஸ் பற்றாக்குறை உள்ள நாட்டில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் வெளிவந்த மோசடியை அவர்கள் மறக்கக் கூடாது. ஃபுளோரிடாவின் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலிப் பட்டங்கள் விற்கப்பட்டன. 25 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் பரீட்சையில் தேறியும் விட்டார்கள். மற்றவர்களுக்குக் குறுக்கே நின்றது இந்தப் பரீட்சைதான். கதவைத் தளர்த்துவது பரிகாரமாகாது. ஆனால் வேலைக்கு எடுத்த ஆஸ்பத்திரி, ஒருமுறை தவறியவரை உடனே அனுப்பிவிடாமல் உதவியாளராக வைத்துக்கொண்டு படிக்க நேரம் கொடுக்கலாம். சில ஆஸ்பத்திரிகள் அப்படிச் செய்கின்றன. உதவியாளர் என்ற பெயரில் இரவு வேலையை அடுக்கிக் கொடுத்தால் அது உதவியாகாது.

நாள் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். போர்டுக்கு விண்ணப்பம் வேறு, பரீட்சைக்குப் பணம் கட்டிப் பதிவது வேறு. படித்து முடித்தபின் பதியலாம் என்று இருந்துவிட்டால், அனுமதிச் சீட்டு வருவதற்கே மேலும் நாளாகும். தவறிய வாரமே இரண்டையும் முடித்தவர்தான் 45 நாள் கழிந்ததும் பரீட்சை அறைக்குள் நுழைய முடிகிறது.