கல்லூரி மாணவர் பயிற்சியும் நமது சங்கங்களின் கடமையும்

கோடை விடுமுறை நெருங்கும்போது, கல்லூரி மாணவ மாணவியர் சிலர் கையில் ஒரு கடிதத்துடன் நமது சங்கங்களின் வாயிலில் வந்து நிற்பதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். "ஐயா, எங்கள் பாடத்திட்டத்தில் பயிற்சி ஒன்று உண்டு, தங்கள் சங்கத்தில் அதனை முடிக்க அனுமதி தர வேண்டும்" என்பதே அவர்களுடைய வேண்டுகோள். இதற்குச் சங்கங்கள் அளிக்கும் விடை மூவகைப்படும். "இங்கே இடமில்லை, போய் வாருங்கள்" என்பது ஒன்று. "பிள்ளைகள்தானே, பாவம்" என்று இரங்கி, ஒரு நாளும் வேலை வாங்காமல் சான்றிதழில் கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுப்பது மற்றொன்று. உட்காரச் செய்து, வேலை தந்து, கற்பித்து அனுப்புவது மூன்றாவது. முதலாவது கடுமை; இரண்டாவது கருணையின் வேடம் பூண்ட தீங்கு; மூன்றாவதே முறையாகும். அம்மூன்றாவது முறை அரிதாகவே நிகழ்கிறது என்பதே நமது வருத்தம்.

இப்பயிற்சி யாதென்பதை முதலிற் காண்போம். கல்லூரிகளில் 'இன்டர்ன்ஷிப்' என்று வழங்கும் இதனைத் தமிழில் உள்ளகப் பயிற்சி என்பர். மாணவன் ஒரு தொழில் நிலையத்திலோ, அலுவலகத்திலோ குறித்த மணி நேரம் பணியாற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். அதற்குக் கல்லூரி தகுதிப் புள்ளி, அதாவது 'கிரெடிட்', வழங்கும். இப்புள்ளிகள் பட்டத்திற்கான மொத்தக் கணக்கில் சேரும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம், பயிற்சியின் ஒரு தகுதிப் புள்ளிக்கு ஒரு பருவத்தில் 30 மணி நேர உழைப்பைக் கணக்கிடுகிறது. நமது மாநிலத்து இளநிலைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் இரண்டாம் ஆண்டின் கோடை விடுமுறையில் பயிற்சி முடித்து, அதற்குரிய புள்ளியை ஐந்தாம் பருவத்தில் பெறுமாறு வகுத்துள்ளனர். மணிக்கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடலாம். ஆயின், செய்யாத வேலைக்குப் புள்ளி இல்லை என்பது எங்கும் பொது.

இம்முறை இன்று நேற்று தோன்றியதன்று. அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-ஆம் ஆண்டு ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு இதனைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று மாறி மாறிக் கற்றனர். அவர் அதற்கு இட்ட பெயர் 'கூட்டுறவுக் கல்வி'! கல்லூரியும் தொழிற்சாலையும் கூடி ஒரு மாணவனை உருவாக்குவதால் அப்பெயர் பொருந்திற்று. நமது நாட்டிலோ, 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணியாற்றுவது அங்கே கல்வியின் ஓர் அங்கமாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, தரையில் கோலப்பொடியால் ஊரின் படம் வரைந்து விவசாயிகளோடு உரையாடுவதை நமது பயிரிடுவோர் அறிவர். அம்மாணவர்க்கு வயல் திறந்திருக்கிறது. வணிகவியலும் பொருளாதாரமும் கற்கும் மாணவர்க்கு நமது சங்கக் கதவு திறக்க வேண்டாமா?

வாணியம்பாடி இக்கேள்வியை எழுப்புதற்கு ஏற்ற ஊர். 1919-இல் தோன்றிய இஸ்லாமியா கல்லூரி இங்கே நூறாண்டைக் கடந்து நிற்கிறது. பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகளும் உள்ளன. சுற்றிலும் தோல் பதனிடும் ஆலைகளும், ஆம்பூர் வரை காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. மாணவர் பலர் அங்கே பயிற்சி தேடிச் செல்வதில் குறை ஏதுமில்லை. தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்க இயலாத ஆலையினர் ஒன்று கூடி 'வாணிடெக்' என்னும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துவதைக் காணும் மாணவனும் கூட்டு முயற்சியின் பாடத்தையே கற்கிறான். ஆயினும் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்று விடுதியில் தங்கிப் பயிற்சி பெற வசதியில்லாதவர் பலர். ஆலங்காயம் பக்கத்திலிருந்து பேருந்தேறி வரும் பயிரிடுவோர் வீட்டுப் பிள்ளைக்கும், வெளியூரில் தங்கப் பெற்றோர் இசையாத பெண்ணுக்கும் உள்ளூர்ச் சங்கத்தைவிட ஏற்ற இடம் எது?

பெரிய கம்பெனியில் மாணவன் காண்பது பெரும்பாலும் ஒரு மேசையை மட்டுமே. நமது சங்கமோ சிறியது. ஆகையால் அங்கே தொழில் முழுவதும் ஒரே கூரையின் கீழ்க் கண்ணுக்குத் தெரியும். நெசவாளர் சங்கத்தில் நூல் வருகிறது, பாவும் ஊடையுமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது, துணியாகத் திரும்புகிறது, கூலி பட்டுவாடா ஆகிறது, விற்காத சரக்கு அலமாரியில் வட்டி தின்கிறது. விவசாயிகள் சங்கத்தில் கடன் மனு வருகிறது, உரம் வருகிறது, அறுவடைக்குப் பின் தவணை வருகிறது அல்லது வாராமற் போகிறது. இவற்றை எல்லாம் ஐந்து நாளில் அருகிருந்து பார்க்கும் மாணவன், பாடநூலில் படித்த இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரியின் பின்னும் ஒரு மனிதர் நிற்பதை உணர்வான். இந்தக் கல்வியை வேறெங்கே பெறுவது?

இனி, வேலையின்றித் தரப்படும் சான்றிதழைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவதே கடமையாகக் கொண்ட நாம் இதனைக் கணக்கின் மொழியிலேயே கூறுவோம். சரக்கு வாராமலே வந்ததாக ரசீது எழுதி இருப்புப் பதிவேட்டில் ஏற்றினால், அதனை நாம் என்னவென்று சொல்வோம்? வராத மாணவனை வந்ததாகவும், செய்யாத வேலையைச் செய்ததாகவும் எழுதி முத்திரை வைப்பதும் அதுவேயன்றோ? இதில் சங்கத்திற்கு ஒரு காசு நஷ்டமில்லை என்று காரியதரிசிகள் எண்ணலாம். ஆனால் சங்கத்தின் கையொப்பத்திற்கு உள்ள மதிப்பு குறைகிறது. தொழில் உலகில் நுழையப் போகும் இளைஞன் ஒருவன், பொய் ரசீது எளிதிற் கிடைக்கும் என்பதை முதற் பாடமாகக் கற்கிறான். அதையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலேயே கற்கிறான். பணம் பெற்றுக்கொண்டு இத்தகைய சான்றிதழ் விற்போர் வெளியே உண்டு. அந்த வரிசையில் நமது சங்கங்கள் இலவசமாகச் சென்று நிற்கலாகாது.

ஆகவே, முறையாக ஏற்பாடு செய்வது எவ்வாறு? முதலில் காலம். சங்கங்களின் கணக்காண்டு மார்ச்சு 31-இல் முடிகிறது. இருப்புச் சரிபார்ப்பும் இறுதிக் கணக்கும் அடுத்து வரும் வாரங்களில் நிகழ்வன. மாணவர் விடுமுறையும் அதையொட்டியே வருகிறது. கற்பதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. ஆயின் மே மாதத்தில் கடிதத்துடன் ஓடிவந்தால் பயனில்லை. நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்க அவகாசம் வேண்டும். ஆகையால் ஜனவரி, பிப்ரவரியிலேயே மாணவர் சங்கத்தை அணுக வேண்டும். கல்லூரியின் கடிதத்தில் மாணவரின் பெயர், வகுப்பு, தேவையான மணி நேரம், தகுதிப் புள்ளி, பொறுப்பாசிரியரின் பெயர், அறிக்கை தர வேண்டிய நாள் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். இவை இல்லாத கடிதத்தைத் திருப்பியனுப்பிச் சரிசெய்து வரச் சொல்வது குற்றமாகாது.

அடுத்துச் சங்கத்தின் பொறுப்பு. நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, எத்தனை பேரை ஏற்பது என்று வரையறுக்க வேண்டும். ஒரு சிறு சங்கத்திற்கு இருவர் போதும். பத்துப் பேரை ஏற்று ஒருவருக்கும் கற்பியாமல் விடுவதைவிட, இருவருக்குக் கற்பிப்பது மேல். ஊழியர் ஒருவரை வழிகாட்டியாக நியமிக்க வேண்டும். மாணவருக்கெனத் தனி வருகைப் பதிவேடு வைத்து, வந்த நேரமும் சென்ற நேரமும் எழுதச் செய்ய வேண்டும். அன்றன்று செய்த வேலையை மாணவர் நாட்குறிப்பில் எழுத, வழிகாட்டி மாலையில் கையொப்பமிட வேண்டும். 30 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 6 மணியாக 5 நாள்; 60 மணி என்றால் 10 நாள். இப்பதிவேட்டைப் பார்த்தே சான்றிதழ் எழுத வேண்டும். சான்றிதழைப் பார்த்துப் பதிவேட்டை எழுதலாகாது.

என்ன வேலை தருவது? தேநீர் வாங்கிவரச் சொல்வதும், பழைய தாள்களை அடுக்கச் சொல்வதும் பயிற்சியன்று. நெசவாளர் சங்கமாயின், ஒரு கைலியின் அடக்க விலையை முதலிலிருந்து முடிவு வரை கணக்கிடச் சொல்லலாம். நூல், சாயம், பாவு ஓட்டும் கூலி, நெய்யும் கூலி, வண்டிச் சத்தம், தேங்கிய நாளின் வட்டி, தள்ளுபடி எல்லாம் அதில் வர வேண்டும். இக்கணக்கு மாணவனுக்குப் பாடம். சங்கத்திற்கு விலை நிர்ணயிக்க உதவும் ஆவணம். பயிரிடுவோர் சங்கமாயின், தேங்காய்க்கு வியாபாரி கொடுக்கும் விலையையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலையையும் நாள்தோறும் குறித்து, சங்க வாயிற் பலகையில் எழுதச் செய்யலாம். இரு சங்கங்களுக்கும் பொதுவான வேலை ஒன்றுண்டு. வாரிசு நியமனம் எழுதாத அங்கத்தினர் எத்தனை பேர்? இறந்தும் பெயர் நீக்கப்படாதோர் எத்தனை பேர்? ஊழியர் ஒருவருடன் மாணவர் வீடு வீடாகச் சென்று நியமனப் படிவத்தை விளக்கி, விரும்புவோரிடம் பூர்த்தி செய்து வாங்கினால், பங்குத் தொகைக்காக ஒரு விதவை பல மாதம் அலைய வேண்டிய துன்பம் நீங்கும்.

தரக்கூடாத வேலையும் உண்டு. பணப்பெட்டியின் சாவி, ரொக்கப் பட்டுவாடா, நகை மதிப்பீடு, கணினியின் கடவுச்சொல் ஆகியவை ஊழியரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். அங்கத்தினரின் கடன் விவரமும் ஆதார் எண்ணும் மாணவரின் அறிக்கையில் இடம்பெறலாகாது. சங்கத்தின் ஏடுகளைக் கைப்பேசியில் படம் எடுக்க அனுமதிக்கக் கூடாது. பெண்களாயின் மாலை நேரத்திற்கு முன்பே வீடு திரும்பும்படி வேலையை அமைத்தல் நலம். இக்கட்டுப்பாடுகளை முதல் நாளே எழுத்தில் தந்துவிட்டால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது.

"ஆள் பற்றாத நிலையில் இதற்கு ஏது நேரம்?" என்று சில காரியதரிசிகள் கேட்பர். அவர்களுடைய சுமையை நாம் அறியாமலில்லை. ஆனால் வாரிசு நியமனப் பட்டியலும் அடக்க விலைக் கணக்கும் ஆள் பற்றாமையாலேயே கிடப்பில் உள்ளவை. முதல் நாள் செலவிடும் நேரம் பின்னாட்களில் திரும்பி வரும். "செலவு?" என்று கேட்பாரும் உண்டு. துணைவிதிகள் இடந்தருமாயின் குழுத் தீர்மானத்தின் பேரில் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் அளிக்கலாம். அதனால் சங்கம் ஏழையாகிவிடாது. கூட்டுறவின் தாயகமான ராச்டேல் நெசவாளர்களும் பிறரும் 1844-இல் தொடங்கிய சங்கம், பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கிற்று. உலகக் கூட்டுறவு ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியுமேயாகும். நிகர இலாபத்தில் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்களிக்கும் சங்கம், தன் வாசலுக்கே வந்து நிற்கும் கல்வியைத் திருப்பியனுப்புவது பொருந்துமா?

மாணவர்க்கும் ஒரு சொல். "கூட்டுறவுச் சங்கத்துச் சான்றிதழை வேலை தருவோர் மதிப்பரோ?" என்று ஐயுற வேண்டாம். சான்றிதழ் சுவரில் தொங்கும். செய்த வேலையே நேர்முகத் தேர்வில் பேசும். ஒரு பண்டத்தின் அடக்க விலையை நான் கணக்கிட்டேன், இதுவே என் அட்டவணை என்று காட்டக்கூடிய இளைஞனுக்கு எவ்விடத்திலும் மதிப்புண்டு. அறிக்கையின் ஒரு படியைச் சங்கத்திற்கும் தந்து செல்லுங்கள்.

நமது அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படியேறி விட்டனர் என்பது பெருமைக்குரியது. ஆனால் படியேறியவர் சங்கத்தின் பெயரையும் மறந்துவிடுவாராயின், நாளை மகாசபையில் வெறும் நாற்காலிகளே மிஞ்சும். கணக்கைப் படிக்கத் தெரிந்து, துணிந்து கேள்வி கேட்கும் அங்கத்தினர் இல்லாத சங்கம் நீடித்து வாழாது. ஆகவே, வரும் மகாசபையில் அங்கத்தினர் எழுந்து, "இவ்வாண்டு நமது சங்கத்தில் பயிற்சி பெற்ற மாணவர் எத்தனை பேர்? அவர்கள் விட்டுச் சென்ற வேலை என்ன?" என்று கேட்க வேண்டுகிறோம். அக்கேள்விக்கு விடை கூற இயலும் சங்கமே அடுத்த தலைமுறையையும் தன்பால் ஈர்க்கும்.